மருந்து ஆய்வு பற்றி ஊரில் கூட்டம் போடுவது எப்படி: டெல்டா கிராமங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துக் கிராமங்களில் மருந்து ஆய்வை (கிளினிக்கல் டிரையல்) பற்றிப் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நர்சிங் மாணவிகள், சமூகப்பணி படிக்கிறவர்கள், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வருகிறவர்கள் எனப் பல குழுக்களோடு போயிருக்கிறேன். எல்லோருமே தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். படித்து வைத்ததை எல்லாம் முதல் பத்து நிமிடத்தில் கொட்டிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் மனதில் இருக்கும் பயம் அப்படியே இருக்கிறது, மேலே விளக்கம் மட்டும் ஏறுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குமுன் ஒரு நிபந்தனை. நீங்களோ உங்கள் நிறுவனமோ அந்தப் பகுதியில் ஏதாவது ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கூட்டத்தை நடத்த வேண்டாம். விழிப்புணர்வு என்று சொல்லி வந்து ஆள் பிடித்தார்கள் என்ற பேச்சு ஒரு முறை எழுந்துவிட்டால், அடுத்துப் போகும் கிராமச் செவிலியருக்கும் கதவு திறக்காது.

1. முதலில் சொல்லைச் சரிசெய்யுங்கள்

‘மருத்துவப் பரிசோதனை’ என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஊரில் பரிசோதனை என்றால் சுகர் டெஸ்ட், ரத்த டெஸ்ட், ஸ்கேன். ஒரு மாணவர் குழு வீடு வீடாகப் போய் ‘நீங்கள் மருத்துவப் பரிசோதனையில் கலந்துகொண்டதுண்டா?’ என்று கேட்டது. அநேகமாக எல்லோரும் ஆமாம் என்றார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் உழைப்பு குப்பைக்குப் போனது.

‘சோதனை’ அதைவிட மோசம். அது கடவுள் கொடுக்கிற கஷ்டம். ‘ஆராய்ச்சி’ என்றால் ஒன்றும் தெரியாமல் குடைந்துகொண்டிருப்பவனைக் கிண்டல் பண்ணும் சொல்லாகவும் ஓடுகிறது. ‘ஆய்வு’ என்றால் கலெக்டர் வந்து பார்ப்பது. அதோடு, எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு, ஆய்வு என்று சொல்லிக்கொண்டு பையோடு வருகிறவனை ஊர் சந்தேகமாகத்தான் பார்க்கிறது. ‘மண்ணெடுக்க வந்தீங்களா, போர் போட வந்தீங்களா?’ என்று என்னையே கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் பல சொற்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘மருந்து ஆய்வு’ என்பதில் நின்றோம். ஆனால் அதைத் தனியாக விடக்கூடாது. முதல் தடவை சொல்லும்போதே கூடவே ஒரு வரி வேண்டும்: ‘புதுசா வந்த மருந்தோ ஊசியோ வேலை செய்யுதா, கெடுதல் பண்ணுதான்னு, சம்மதிச்ச ஆளுங்களுக்கு மட்டும் குடுத்துப் பாக்கிறது.’ அந்த ‘சம்மதிச்ச’ என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள். மருந்தே கொடுக்காமல் கேள்வி மட்டும் கேட்கும் ஆய்வுகளும் உண்டு. அதை யாராவது கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

2. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஊராட்சித் தலைவரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆனால் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடும் வேலையைத் தலைவரிடம் விடாதீர்கள், அவர் ஆட்கள் மட்டும்தான் வருவார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊக்குநரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சொன்னால் எல்லாத் தெருவிலிருந்தும் வருவார்கள். காலனித் தெருவுக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மாதிரிச் சம்மதப் படிவம் தமிழில் இரண்டு பிரதி, அதோடு வரும் தகவல் தாள், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலிருந்து ஒரு பதிவின் அச்சுப் பிரதி, நாலைந்து பென்சில். இவ்வளவுதான் தேவை. புரொஜெக்டர் வேண்டாம். அதைப் போட்டால் கூட்டம் படம் பார்க்க உட்கார்ந்துவிடும், கேள்வி வராது.

கூட்டத்துக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் வைத்துக் கணக்கெடுத்துக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால், உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் (ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் குழு) முதலிலேயே அனுமதி கேளுங்கள். ‘சும்மா கேள்விதானே, ரத்தமா எடுக்கிறோம்?’ என்று நீங்களே முடிவு செய்யக்கூடாது. குழு விலக்குத் தரலாம், ஆனால் அதைத் தர வேண்டியது குழுதான். சம்மதம் என்றால் என்ன என்று பாடம் எடுக்கப் போகிறவர்கள் சம்மதம் வாங்காமல் கணக்கெடுத்துவிட்டு வந்த கதை ஒன்றுக்கு மேல் பார்த்துவிட்டேன்.

3. நாளும் நேரமும்

ஜூன் மாதம் மேட்டூர் திறந்ததிலிருந்து குறுவை நடவு முடியும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். சம்பா நடவு, ஐப்பசி கார்த்திகை மழை, தை அறுவடை எல்லாம் கழித்துவிட்டால் மாசி பின்பாதியும் பங்குனி முன்பாதியும் நல்ல காலம். அதிலும் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நூறு நாள் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, மாலை பால் சொசைட்டிக்குக் கிளம்புவதற்கு முன் உள்ள இடைவெளிதான் பெண்களுக்கான நேரம். ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஆண்களைப் பிடிக்கலாம் என்று ஒரு முறை நெல் கொள்முதல் நிலைய வாசலுக்குப் போனோம். குவியலுக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தது எங்கள் மடமை. ஈரப்பதம் 17-க்கு மேல் காட்டிவிடுமோ, இன்றைக்குச் சாக்கு வருமோ என்ற கவலையில் இருப்பவரிடம் மருந்து ஆய்வு பேசினால் என்ன பதில் வருமோ அதுதான் வந்தது.

கிராம சபையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி அறிவிக்கலாம், அங்கேயே விளக்க முயலக்கூடாது.

4. வருகைப் பதிவேடு வேண்டாம்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

முதல் வருடம், கூட்டத்துக்கு வந்தவர்களிடம் வழக்கம்போல ஒரு நோட்டில் பெயரும் கையெழுத்தும் வாங்கினோம், ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தோம். பிறகு ஒரு மணி நேரம் ‘கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்’ என்று பேசினோம். மறுநாள் காலை ஒரு பெரியவர் சைக்கிளில் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். இறங்கக்கூட இல்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, ‘தம்பி, அந்த நோட்டுல என் பேரை அடிச்சிருங்க. பிஸ்கட்டுக்கு உண்டான காசைக் குடுத்துர்றேன்’ என்றார்.

நோட்டை எடுத்து வந்து அவர் கண்முன்னாலேயே பெயரை அடித்தோம். காசு வேண்டாம் என்றோம். ‘காரணம் கேக்கலியா?’ என்றார். கேட்கக்கூடாது என்றோம். அப்போதுதான் சைக்கிளிலிருந்து இறங்கினார். முந்தின நாள் பேச்சில் அவருக்குப் புரியாமல் போன ‘எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம்’ என்ற விதி அந்த ஒரு கோட்டில் புரிந்துவிட்டது. ஆனாலும் அதற்காக நோட்டு வைக்காதீர்கள். தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள், போதும்.

5. முதல் இருபது நிமிடம் நீங்கள் பேசாதீர்கள்

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஆஸ்பத்திரியில, புது மருந்து ஒண்ணு இருக்கு, சேந்துக்கிறீங்களான்னு கேட்டா உங்களுக்கு முதல்ல என்ன தோணும்?’

முதலில் மௌனம் வரும். அதை நிரப்பாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் பொறுமை இழந்து விளக்கத் தொடங்குவார்கள். யாராவது ஒரு அப்பாயி ‘நாம என்ன எலியா?’ என்பார், சிரிப்பு வரும், பிறகு ஒவ்வொன்றாக வரும். ஏழைங்கதான் கெடைச்சாங்களா. கையெழுத்துப் போட்டா செத்தாலும் கேக்க முடியாது. கிட்னியை எடுத்துருவாங்க. யானைக்கால் மாத்திரையும் அப்படித்தான் குடுத்தாங்க. மாட்டேன்னா அப்புறம் ஆஸ்பத்திரியில பாக்க மாட்டாங்க.

சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள், அப்போதே மறுக்காதீர்கள். அன்றைய பேச்சில் எதை முதலில் எடுப்பது என்பதை இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்க வேண்டும்.

யானைக்கால் மாத்திரை பேச்சு கும்பகோணம் வட்டாரத்தில் கண்டிப்பாக வரும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் கொடுத்த டிஇசி மாத்திரை நோய்த் தடுப்புத் திட்டம். அந்த மருந்து முன்பே சரிபார்க்கப்பட்டு, பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தது. ஊருக்கே கொடுப்பது திட்டம், ஆள் ஆளாகச் சம்மதம் வாங்கிக் கொடுப்பது ஆய்வு. இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

6. ஆய்வு எப்படி நடக்கிறது: வயலை வைத்துச் சொல்லுங்கள்

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம் ஏதாவது ஒன்றை நடாத குடும்பம் இங்கே அநேகமாக இராது. அங்கிருந்து தொடங்குங்கள். ‘புது ரகம் வந்திருக்கு. எடுத்த எடுப்பில் ஒரு வேலி நிலம் முழுக்கப் போடுவீங்களா?’ போட மாட்டார்கள். ஒரு மா நிலத்தில் மட்டும் போட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்த கேள்விதான் முக்கியம். ‘புது விதையை மதகடி வயலிலும் பழைய விதையைக் கடைமடையிலும் போட்டு, புதுசு நல்லா வெளைஞ்சா, அது விதையாலயா தண்ணியாலயா?’ இதற்குப் பதில் சொல்லாத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்வார்கள். ‘அப்ப எந்த வயலுக்கு எந்த விதைன்னு எப்படி முடிவு பண்ணலாம்?’ என்று கேட்டால், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

அதையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் நல்ல மனதோடுதான் புது மருந்தைத் தெம்பாக இருக்கிற நோயாளிக்குக் கொடுப்பார், முடியாதவருக்குப் பழையதையே கொடுப்பார். பிறகு யார் தேறினாலும் மருந்தாலா தெம்பாலா என்று தெரியாது. அதனால்தான் குலுக்கல். விளைச்சலை எடை போடுகிறவருக்கு எது எந்த விதை என்று தெரிந்தால் தராசு அவரை அறியாமலே சாயும். அதனால்தான் சில ஆய்வுகளில் யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாமல் வைக்கிறார்கள்.

இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. ஆய்வில் சேர்ந்தால் எனக்குப் புது மருந்துதான் கிடைக்கும், அதுதான் சிறந்தது, டாக்டர் எனக்காகவே தேர்ந்தெடுத்தார் என்ற நம்பிக்கை பயத்தைப் போலவே தவறானது. புதியதா பழையதா என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது. புதியது சிறந்ததா என்பது யாருக்கும் தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கிற நோயில் பெரும்பாலும் புதியதை அதோடுதான் ஒப்பிடுவார்கள். மருந்தே இல்லாத வெத்து மாத்திரை கொடுக்கும் ஆய்வு என்றால் அது தகவல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று நான்கு கட்டங்களையும் வரைந்து காட்டும் ஆசையை அடக்குங்கள். கேட்டால் மட்டும்: முதலில் கொஞ்சம் பேர், பிறகு நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில், விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு.

நீடாமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் இந்த வயல் கதையை நான் ரசித்துச் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: ‘எல்லாஞ் சரி தம்பி. வயலைக் கேட்டுட்டா விதைச்சோம்?’ அவர் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். உவமை அங்கே முடிந்துவிடுகிறது.

7. கையெழுத்து: அதிக நேரம் இங்கேதான்

நம் ஊரில் கையெழுத்து என்றால் பத்திரம், கூட்டுறவுக் கடன், ஆபரேஷனுக்கு முன் வைக்கும் ரேகை. மூன்றிலும் வைத்தவன் மாட்டிக்கொள்கிறான். ஆகவே ‘சம்மதக் கையெழுத்து’ என்றதுமே, உரிமையை எழுதிக் கொடுக்கிறோம் என்றுதான் படுகிறது. சட்டத்தில் இருப்பது நேர்மாறு. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, படிவத்திலேயே ‘எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் என் சிகிச்சைக்கோ சட்ட உரிமைக்கோ பாதிப்பு வராது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். மாதிரிப் படிவத்தில் அந்த வரியைத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்தவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்தால் அது உங்கள் பேச்சு, பக்கத்து வீட்டுப் பெண் படித்தால்தான் அது சட்டம்.

பிறகு ஒவ்வொன்றாக:

படிக்கத் தெரியாதவரிடம் ரேகை மட்டும் வாங்கிவிட்டுப் போக முடியாது. ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதும் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். ‘யாரைக் கூட்டிட்டுப் போவீங்க?’ என்று கேளுங்கள். மகனா, மருமகளா, எழுதப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரா என்று இப்போதே யோசித்து வைக்கட்டும்.

தகவல் தாளும் கையெழுத்தான படிவமும் ஒரு பிரதி அவர் கைக்கு வர வேண்டும். ஊர்க்காரர்கள் கேட்காமல் விடுவது இதைத்தான். ‘ஜெராக்ஸ் குடுங்க’ என்ற இரண்டு சொல்லைக் கூட்டமாகச் சொல்ல வைத்திருக்கிறேன், கொஞ்சம் பள்ளிக்கூடம் மாதிரிதான், ஆனால் மனதில் நின்றது.

புத்தம் புது வேதிப்பொருளைச் சோதிக்கும் ஆய்வில், எளிதில் வற்புறுத்தப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களிடம் சம்மதம் வாங்குவதை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். செல்போனை நீட்டினால் மிரள வேண்டாம், அது அவர் பாதுகாப்புக்கு.

கடைசியாக நாமினி. படிவத்தில் வாரிசு பெயர், முகவரி கேட்கும் கட்டம் உண்டு. ‘நாமினி கேட்டா சாவு வரும்னுதானே?’ என்று எழுந்து போனவர்கள் உண்டு. எல்ஐசியிலும் வங்கிக் கணக்கிலும் கேட்பதில்லையா என்று கேளுங்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால்தான் குடும்பத்துக்கு நஷ்டம்.

‘வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று சொல்லும் பெண்களைப் பார்த்து மாணவிகள் கோபப்படுகிறார்கள். கோபப்படாதீர்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடாமல் தாளை வீட்டுக்கு எடுத்துப்போக அதுவே வழி. வீட்டில் பேசிவிட்டு வந்தாலும் முடிவு அவருடையது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

8. பணமும் நஷ்டஈடும்

சுருக்கமாகச் சொல்லுங்கள், தொகையை வைத்து ஆசை காட்டுவது போல ஆகிவிடக்கூடாது. பஸ் செலவும் ஆய்வுக்கு வந்த நாளின் கூலியும் தரலாம். ஆய்வில் கொடுக்கும் மருந்துக்குக் காசு வாங்கக்கூடாது. உடலுக்கு ஏதாவது நேர்ந்தால் இலவச சிகிச்சை உண்டு, அது ஆய்வால் வந்ததல்ல என்று தெரியவரும் வரைக்குமாவது. ஆய்வால்தான் உயிர் போனது என்றால், 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் சேரும்போது இருந்த நோயின் கடுமையையும் கொண்டு தொகை கணக்கிடப்படும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு எதுவும் நடந்தால், ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும்.

‘சென்னைக்குப் போய் ரெண்டு நாள் படுத்தா காசு தர்றாங்களாமே?’ என்று ஒரு இளைஞர் கட்டாயம் கேட்பார். ஆரோக்கியமானவர்களுக்குப் பணம் கொடுத்து நடத்தும் ஆய்வுகள் சட்டப்படி உண்டு. அதில் இடைத்தரகர் சொல்வதைக் கேட்டு ஒன்று முடியும் முன் இன்னொன்றில் சேர்வதுதான் ஆபத்து. இரண்டு மருந்து ஒரே உடம்பில் என்ன செய்யும் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

9. பதிவு எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ (CTRI) எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2007-ல் தொடங்கிய பதிவேடு அது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். எண் ‘சிடிஆர்ஐ’ என்று தொடங்கி வருடம், மாதம், வரிசை எண் என்று போகும். யார் செலவு செய்கிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பதிவேடு ஆங்கிலத்தில்தான். அதனால் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க மெனக்கெடாதீர்கள். தெருவுக்கு ஒரு கல்லூரிப் பிள்ளையைப் பிடித்து, அச்சுப் பிரதியை வைத்துப் பத்து நிமிடம் பழக்குங்கள். செல்போனில் நேரடியாகக் காட்டலாம் என்று போனவர்கள் சிக்னலுக்காக மாடியேறியதுதான் மிச்சம்.

நெறிமுறைக் குழு என்றால் என்ன என்று கேட்பார்கள். குறைந்தது ஏழு பேர், பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து, தலைவரும் வெளியாள், சட்டம் தெரிந்தவர் ஒருவர், சாதாரணப் பொதுமக்களில் ஒருவர். ‘நம்மள மாதிரி ஒருத்தரா?’ என்பார்கள். ஆமாம். தகவல் தாளில் அந்தக் குழுவைத் தொடர்புகொள்ளும் எண் இருக்கும், அதைப் பென்சிலால் சுழிக்கச் சொல்லுங்கள்.

10. கடினமான கேள்விகளுக்கு மழுப்பாதீர்கள்

‘ஏழைங்கதான் கெடைச்சாங்களா?’ நடந்ததில்லை என்று சொல்லாதீர்கள், நடந்திருக்கிறது. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் சிறுமிகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டு நடந்த ஆய்வு 2010-ல் நிறுத்தப்பட்டது. பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டது தெரியவந்து, 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. இறந்த சிறுமிகளின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் தெரியவரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியை மட்டும் சொன்னால் அதுவும் வதந்திதான்.

‘கொரோனா ஊசியை எங்க மேலதான் சோதிச்சாங்களா?’ 2021 ஜனவரியில் கோவேக்சினுக்கு அனுமதி கொடுத்தபோது அதன் மூன்றாம் கட்ட முடிவு வந்திருக்கவில்லை, ‘ஆய்வு முறையில்’ என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள், போட்டுக்கொண்டவர்கள் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். மார்ச்சில் அந்த நிபந்தனை நீங்கியது. இதை நேராகச் சொன்ன கூட்டங்களில் சத்தம் அடங்கியது, சுற்றி வளைத்த கூட்டங்களில் ஏறியது.

‘இதனால எங்களுக்கு என்ன ஆச்சு?’ இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். காசநோய் என்றால் செங்கிப்பட்டி சானடோரியத்துக்கு, அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனைக்கு, அனுப்பிய காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1950-களின் பின்பாதியில் சென்னையில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும் வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள், வீட்டில் மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் ஒட்டவும் இல்லை. இன்றைக்கு வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட முடிவதற்கு அந்த நோயாளிகள் சம்மதித்ததும் ஒரு காரணம்.

11. புரிந்ததா என்று கேட்காதீர்கள்

‘புரிஞ்சுதா?’ என்றால் ‘புரிஞ்சுது தம்பி’ என்றுதான் பதில் வரும், வீட்டுக்கு வந்தவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக. ‘வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா என்ன சொல்வீங்க?’ என்று கேளுங்கள். ‘ஊசி போட வருவாங்களாம், காசு தருவாங்களாம்’ என்று பதில் வந்தால், தப்பு உங்கள் பேச்சில். ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.

12. மூன்று வாரம் கழித்துத் திரும்பப் போங்கள்

முதல் நாள் வாயைத் திறக்காதவர்கள் இரண்டாம் முறைதான் வருவார்கள், அதுவும் கூட்டம் கலைந்த பிறகு, மஞ்சள் பையில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரித் தாளோடு. ‘இதுல சேரலாமா?’ என்று கேட்பார்கள். சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாதீர்கள், அந்த நோயும் தெரியாது, அந்த ஆளின் உடம்பும் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து தாளை முழுக்கப் படித்துக் காட்டுங்கள். புரியாத இடத்தில் எல்லாம் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். எத்தனை குறி விழுந்தது என்று எண்ணி, ஆஸ்பத்திரியில் அத்தனைக்கும் பதில் வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லி, பென்சிலையும் அவர்களிடமே கொடுத்து அனுப்புங்கள்.